கை நனைக்காத விருந்தாளி

விருந்து என்ற சொல்லைக் கல்லூரியில் வருஷா வருஷம் நடத்துகிறேன். நடத்துகிற ஒவ்வொரு தடவையும் வாய் கசக்கிறது. வாங்குகிற சம்பளத்துக்குச் சிரித்த முகத்தோடு நடத்திவிட்டு வருகிறேன்.

விருந்து என்றதும் பிள்ளைகள் பிரியாணி என்பார்கள். அது கடைசியாக வந்த அர்த்தம் என்று சொல்வேன். ஆதியில் விருந்து என்றால் புதுமை. அப்புறம் புதிதாக வந்தவர், முன்பின் தெரியாதவர். அப்படி வாசலில் வந்து நின்றவருக்குச் சோறு போட்டார்கள். காலப்போக்கில் ஆளுடைய பெயர் சோற்றுக்குப் போய்விட்டது. மலையாளத்தில் அது விருந்நு, தெலுங்கில் விந்து. வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளைகள் நாலைந்து பேர் எப்போதும் வகுப்பில் இருப்பார்கள், "எங்க வூட்லயும் அதாங்க மேடம்" என்று குஷியாகிவிடுவார்கள். வடமொழியில் அதிதி. தேதி இல்லாமல் வருபவர் என்று அதற்கு விளக்கம் சொல்வதுண்டு. பாய் வீட்டுக் கல்யாணத்தில் தாவத் என்கிறோம், அதற்கு அழைப்பு என்று பொருள். ஆங்கிலத்துக்காரன் கதை தனி. அவனுடைய கெஸ்ட்டும், லத்தீனில் பகைவனைக் குறிக்கிற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. ஹோட்டல், ஹாஸ்டல், ஹாஸ்பிடல் எல்லாம் அந்த வேருக்குப் பேரப்பிள்ளைகள். வாசலில் நிற்கிறவன் சோற்றுக்கு வந்தானா சண்டைக்கு வந்தானா என்று தெரியாத காலத்தில் பிறந்த சொல் போலிருக்கிறது.

இத்தனை மொழியிலும் நான் தேடிப் பார்த்து ஒரு சொல் மட்டும் அகப்படவில்லை. கூப்பிட்டால் வருவார், நாற்காலியில் உட்காருவார், குடும்பத்தையெல்லாம் விசாரிப்பார், ஆனால் உங்கள் வீட்டில் கை நனைக்க மாட்டார். அப்படி ஒருவருக்கு எந்த மொழியிலாவது பெயர் இருக்கிறதா தெரியாது. எங்கள் ஊரில் அவரை ஆண்டை என்போம்.

ரிஷிவந்தியம் பக்கத்து ஊர் எங்களுடையது. நிலமெல்லாம் ஊர்த்தெருவில், அதில் வேலை செய்கிறவர்களெல்லாம் காலனியில். அப்பா சின்ன வயதிலிருந்து ஆண்டையின் கரும்பிலும் நெல்லிலும் கிடந்தவர். இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. அந்த வீட்டு விசேஷம் எதற்கும் எங்களுக்கு அழைப்பு உண்டு. பந்தியெல்லாம் முடிந்து, பந்தல்காரன் நாற்காலி அடுக்க ஆரம்பித்த பிறகு ஆள் வரும். "குண்டான் எடுத்துக்கினு வாங்க." அம்மா எடுத்துக்கொண்டு போவாள். சாம்பாரும் ரசமும் பாயசமும் ஒன்றாகக் கலந்து வரும் சோற்றை நாங்கள் விருந்து என்றுதான் சொன்னோம்.

அப்பாவுக்கு ஒரு ஆசை இருந்தது. ஆண்டை ஒரே ஒரு நாள் எங்கள் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட வேண்டும். எனக்குத் தெரிந்து அவர் வாழ்க்கையில் பிடிவாதமாக ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். ஒரு வருஷம் மழை பொய்த்து ஊரில் வேலை இல்லை. அப்பா கல்வராயன் மலைக்கு மரவள்ளி பிடுங்கப் போனார். போன இடத்தில் ஒரு வீட்டுக்காரர் யார், எந்த ஊர், எந்தத் தெரு என்று ஒன்றும் கேட்காமல், கை கழுவத் தண்ணீர் மொண்டு ஊற்றி, உள்ளே உட்காரவைத்து, சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாராம். வீட்டுக்காரரும் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டாராம். அதை அப்பா எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். குழம்பின் ருசியைச் சொல்லமாட்டார், பக்கத்தில் உட்கார்ந்ததைத்தான் சொல்வார். "அந்த மாரி ஒருநாளு ஆண்டைய குந்தவச்சி சோறு போட்டுடணும்" என்று முடிப்பார். சொல்லின் ஆதிப் பொருளை மலையில் பார்த்துவிட்டு வந்த மனுஷன், அதைக் கீழே ஊர்த்தெருவில் போய்த் தேடினார்.

கை நனைப்பது சின்ன விஷயமில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் சம்பந்தம் முடிவாகும்வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். நனைத்துவிட்டால் உறவு. ஆண்டைக்கு அது நன்றாகத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும், அதனால்தான் ஆசைப்பட்டார்.

நான் கள்ளக்குறிச்சியில் வீடு கட்டிக் குடிபோன போது அப்பாவுக்கு வழி திறந்துவிட்டது. இது காலனி இல்லை, டவுன். ஆண்டை வருவதற்குத் தடையாக என்னென்ன இருக்கும் என்று யோசித்து ஒவ்வொன்றாக விலக்கினார். ஆண்டை வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் சமைக்கிற, ஊர்த்தெரு சமையல்காரரைப் பேசினார். பாத்திரமெல்லாம் அந்தச் சமையல்காரரே கொண்டுவரட்டும் என்றார். தண்ணீர்கூட கேன் தண்ணீர். கடைசியில் அம்மாவிடம் வந்தார்.

"நீ சமையல் பக்கம் வராத. கரண்டியத் தொடாத. யாருனா பாத்துப் போயி சொல்லிடுவாங்க."

அம்மாவுடைய புளிக்குழம்புக்காகக் காலனியில் எத்தனை வீட்டு விசேஷத்துக்கு அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள் தெரியுமா? மகள் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், பட்டுப்புடவை கட்டி, கையை மடியில் வைத்துக்கொண்டு மூன்றாம் மனுஷி மாதிரி ஹாலில் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இது என் வூடு, எங்கம்மா சமைச்சதத் துன்ன முடியாதவங்க வரவே வேணாம்" என்று கத்தினேன். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். பெற்ற அப்பன் கும்பிட்ட பிறகு என்ன பேசுவது?

ஆண்டை வந்தார். வெள்ளை வேட்டி, மகன் காரில் கொண்டுவந்து விட்டான். "வாங்க வாங்க" என்று எல்லோரும் சொன்னோம், நானும்தான் சொன்னேன். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "பரவால்லியே, டைல்ஸ்லாம் போட்டுக்கினு ஜோராக் கட்டிட்டியே" என்றார். மாடியில் முதல் பந்தியில் மின்விசிறிக்குக் கீழே அவருக்கென்று இலை போட்டு, இனிப்பு வைத்து, அப்பா பக்கத்திலேயே நின்றார்.

"சாப்புட வாங்க ஆண்டை. நம்ம ஊர்த்தெரு சமையலுதாங்க. எங்க வூட்டாளுங்க கையே வெக்கல."

இதைச் சொன்னபோது அம்மா பக்கத்தில்தான் இருந்தாள்.

"சுகரு ஜாஸ்தியாயிட்ச்சி. டாக்டரு வெளில எங்கியும் சாப்புடக் கூடாதுன்னுட்டாரு. நீ ஒண்ணும் நெனச்சிக்காத" என்றார் ஆண்டை.

எங்கள் வீடுகளுக்கு வருகிற ஊர்த்தெருக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கலர் வாங்கி வரச் சொல்வார்கள். மூடி உடையாத பாட்டில். அவர்கள் கண்ணெதிரில் திறந்து நீட்ட வேண்டும். அன்றைக்கும் ஆள் ஓடியது. சர்க்கரை வியாதிக்காரர் ஒரு பாட்டில் ஆரஞ்சுக் கலரை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். ஏப்பமும் விட்டார். அழுகிறதா சிரிக்கிறதா தெரியாமல் நான் மாடிப்படியில் நின்றேன்.

அந்த இலையில் அப்பா யாரையும் உட்கார விடவில்லை. பந்தி முடிந்து எடுக்கிற வரைக்கும் இனிப்பில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

கொஞ்ச நாள் கழித்து சேலம் ரோட்டில் ஒரு ஓட்டலில் ஆண்டையைக் குடும்பத்தோடு பார்த்தேன். பரோட்டாவைப் பிய்த்து சால்னாவில் ஊறவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கல்லில் பரோட்டா வீசிக்கொண்டிருந்தவன் என் பெரியப்பா மகன். எங்கள் காலனிப் பையன். என்னைப் பார்த்து "இன்னா அக்கா, எப்ப வந்த" என்று சிரித்தான். விருந்தாளியின் வேரில் பிறந்த ஹோட்டல், எங்கள் ஊருக்கு வந்து ஓட்டலாகி, யார் வீட்டிலும் செய்ய முடியாததைச் செய்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். மனதுக்குள் அவரைக் குத்திக் காட்டத்தான் சொன்னேன்.

"அங்க துட்டு குடுத்துத் துன்றாரு. அது வேற. நம்ம வூட்ல துன்னா ஒறவாயிடும் இல்ல" என்று ஆண்டைக்காக வக்கீலாக நின்றார் அப்பா.

"அப்ப ஒறவு வாணாம்னுதானே சொல்றாரு? அது ஒனக்குப் புரியலியா?" என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். அப்பா அந்த ஆசையைக் கடைசிவரை விடவில்லை.

அந்த வருஷ ஐப்பசியில் அப்பா போய்விட்டார். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. காலனி வீட்டுக்கே கொண்டுபோய்க் கிடத்தினோம்.

சாவு வீட்டில் வருகிறவர்களை வாங்க என்று சொல்லக் கூடாது. போகிறவர்களும் போய்ட்டு வரேன் என்று சொல்ல மாட்டார்கள். வருவார்கள், இருப்பார்கள், எழுந்து போவார்கள். எங்கள் வழக்கங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான் என்று அன்றைக்குத் தோன்றியது. ஏனென்றால் ஆண்டை மாலையோடு பந்தலுக்குள் வந்தார். நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

மாலை போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பிணம் எடுக்கும்வரை சாவு வீட்டில் அடுப்பு எரியாது. நாலு வீடு தள்ளியிருக்கும் சின்னம்மா டீ போட்டு எல்லோருக்கும் பேப்பர் கப்பில் கொடுத்துக்கொண்டு வந்தாள். வெயிலில் வந்த களைப்போ என்னவோ, ஆண்டை சட்டென்று கையை நீட்டி வாங்கிவிட்டார். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பந்தலில் எல்லோர் பார்வையும் அந்தக் கப்பின் மேல். அப்பா தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மாவும் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"கட டீயாம்மா?" என்று கேட்டார் ஆண்டை.

சின்னம்மாவுக்குப் பொய் வராது. "இல்லீங்க, எங்க வூட்ல வச்சதுதாங்க" என்றாள்.

கப் கீழே இறங்கியது. கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு யாரும் பார்க்காத மாதிரி குனிந்து நாற்காலிக்கு அடியில் வைத்தார். எல்லோரும் பார்த்தோம். பக்கத்தில் இருந்தவரிடம், "எங்க வூட்டு சோத்தத் துன்னு வளந்தவன். நன்றி மறக்காதவன்" என்று அப்பாவைப் பற்றிச் சொன்னார். கொஞ்சம் கண்கூடக் கலங்கினார். அது பொய்யில்லை என்பதுதான் என்னால் தாங்க முடியாதது. பிறகு, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார். அதுவும் வழக்கம்தான்.

கார் தெருவைத் தாண்டியதும் அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"அத எடு."

எடுத்துக்கொடுத்தேன். ஆறி, மேலே ஆடை படிந்திருந்தது. விரலால் ஆடையை ஒதுக்கிவிட்டு அம்மா அதை முழுசாகக் குடித்தாள். காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பேப்பர் கப்பைக் கசக்கித் தூர எறிந்தாள்.

"கருமாதிக்கு அந்தாளக் கூப்புடாத" என்றாள்.

நான் பிறந்ததிலிருந்து அம்மா வாயில் ஆண்டையாகவே இருந்தவர், அந்தாளாக ஆனது அன்றைக்குத்தான். அப்பா பக்கத்திலேயே கிடந்தார். அவர் உயிரோடு இருந்திருந்தால், அப்படிச் சொல்லாதே என்று அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்.