மொட்டைத் தலையும் ஆறு இலக்கமும்

அப்பாவின் கருமாதிக்கு நான்கு நாள் இருக்கும்போது, நான் நானில்லை என்று கைப்பேசியில் ஒரு செயலி சொல்லிவிட்டது. எனக்குக் கோபம்கூட வரவில்லை. இருக்கலாம் என்றுதான் தோன்றியது.

அது புதிதாக வந்திருந்த கிரிப்டோ சந்தை. கோல சிலாங்கூர் பக்கம் செம்பனை எண்ணெய் ஆலையில் என்னோடு எடைமேடையில் வேலை பார்க்கும் நண்பன் காட்டியது. "மச்சான், பழசுல எல்லாம் கமிஷன் ஜாஸ்தி லா. இது ரொம்ப சீப்பு" என்றான். சீப்புக்கே வேலையில்லாத தலையோடு ஒருநாள் அதைத் திறப்பேன் என்று இருவருக்கும் அப்போது தெரியாது.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு குதிக்கவில்லை. அனுமதி பெற்ற சந்தைகளின் அரசாங்கப் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று பார்த்தேன். யாரோ அனுப்பிய இணைப்பைத் தொடாமல் முகவரியை நானே தட்டினேன். வேறெங்கும் வைக்காத கடவுச்சொல் வைத்தேன். மனைவி மட்டும் ஒன்று சொன்னாள்: "உள்ள போறது என்னைக்கும் போகும். கொஞ்சத்த போட்டு, வெளிய வருதான்னு எடுத்துப் பாருங்க. அப்புறம் மிச்சத்த போடுங்க." தலையாட்டிவிட்டு, ஓவர்டைம் காசு முழுவதையும் ஒரேயடியாகப் போட்டேன். எடுத்துப் பார்ப்பதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு காலை அப்பா எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு எல்லாம் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி மாதிரி காதில் விழுந்துகொண்டிருந்தது. தலையையும் மீசையையும் மழித்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் அதே இரண்டு கேள்விகளைக் கேட்டார்கள். "எப்படிப்பா?" "என்ன வயசு?" நானும் டோல் சாவடி மாதிரி பதில் சொன்னேன். தூக்கத்துல போயிட்டாரு. எழுபத்தொன்பது. அடுத்த வண்டி.

கருமாதிச் சமையல்காரர் முன்பணம் கேட்டபோதுதான் அந்தக் காசு நினைவுக்கு வந்தது. கையில் இருந்ததெல்லாம் காரியத்துக்கே போயிருந்தது. செயலியைத் திறந்தேன். முதல்முறை பணம் எடுக்கிறீர்கள், முகத்தைக் காட்டுங்கள் என்றது. காட்டினேன். 'படத்தில் இரண்டு முகங்கள் உள்ளன, தனியாக நிற்கவும்' என்றது. திரும்பிப் பார்த்தால், பின்னால் மாலை போட்ட அப்பா படம். சமையலறைக்குப் போய் நின்றேன். கண் சிமிட்டு, இடப்பக்கம் திரும்பு என்றதற்கெல்லாம் பணிந்தேன். முகம் பொருந்தவில்லை என்றது. கணக்கு தொடங்கியபோது எடுத்த படத்தில் எனக்குக் கத்தையாக முடியும் மீசையும் இருந்தன. மூன்று தடவை பார்த்துவிட்டுப் பூட்டிக்கொண்டது.

அந்தச் சந்தையின் பெயரில் டெலிகிராமில் ஒரு குழு இருந்தது. அதில் போய் நடந்ததை எழுதினேன். ஒரு நிமிடம் ஆகியிருக்காது, தனிச் செய்தி வந்தது. சந்தையின் சின்னத்தோடு, 'உதவி அதிகாரி' என்று போட்டிருந்தது. மலாயில், ஐயாவுக்குத் 'துவான்' போட்டு, வெகு மரியாதையாகப் பேசினார்.

"முகம் ஏன் மாறியது, துவான்?"

"அப்பா இறந்துவிட்டார். மொட்டை போட்டிருக்கிறேன்."

"தக்சியா, துவான்." அனுதாபம் சொல்லிக் கைகூப்பும் பொம்மை ஒன்றையும் போட்டார். உடனே அடுத்த வரி: "இப்போது ஓர் எண் வரும். அதை எனக்கு அனுப்புங்கள், திறந்துவிடுகிறேன்."

சந்தையிலிருந்து குறுஞ்செய்தியில் ஆறு இலக்க எண் வந்தது. அதன் கீழே, எங்கள் ஊழியர் உட்பட யாரிடமும் இதைச் சொல்லாதீர்கள் என்று எழுதியிருந்தது. படித்தேன். படித்தது உள்ளே போகவில்லை. எனக்கு அந்த ஆளைப் பிடித்துப்போயிருந்தது. இத்தனை நாளில் எப்படி, என்ன வயது என்று கேட்காத ஒரே ஆள். துக்கம் கேட்டதும் விரல் பழக்கத்தில் போயிருக்க வேண்டும். 79 என்று தட்டி அனுப்பிவிட்டேன்.

உடனே பதில். "இரண்டு இலக்கம்தான் வந்திருக்கிறது, துவான். ஆறு வேண்டும். சீக்கிரம்."

அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"யாருங்க?"

"உதவி அதிகாரி. அப்பாவுக்கு வயசு பத்தலையாம்."

பிடுங்கிப் படித்தாள். "ஏங்க, நம்பர குடுத்துட்டீங்களா?"

"அப்பா வயச மட்டுந்தான் குடுத்தேன்."

சிரிப்பதா திட்டுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த ஆளைத் தடுத்துவிட்டு, கடவுச்சொல்லை மாற்றச் சொன்னாள். பிறகு, செயலிக்கு உள்ளேயே இருந்த உதவிப் பகுதியில் என்னை எழுதவைத்தாள். அடையாள அட்டையைப் பிடித்தபடி மொட்டைத் தலையோடு புதுப் படம் அனுப்பு, சில நாள் ஆகும் என்றார்கள். அவர்கள் எண் எதையும் கேட்கவில்லை. தக்சியாவும் சொல்லவில்லை.

சமையல்காரரை வேண்டாம் என்றோம். பாசிர் பெனம்பாங்கில் மீன் வாங்கி வந்து, மனைவியும் அவள் அக்காவும் வீட்டிலேயே சமைத்தார்கள். குழம்பில் உப்பு கூடிப்போனது.

கருமாதி முடிந்து இரண்டு நாள் கழித்துக் கணக்கைத் திறந்துவிட்டார்கள், காசு ஒரு வெள்ளி குறையாமல் இருந்தது. முதலில் ஐம்பது வெள்ளி எடுத்து, வங்கியில் விழுந்ததை அவளிடம் காட்டினேன். பிறகு மிச்சத்தையும் எடுத்துக் கணக்கை மூடப் போனேன். ஏன் எங்களை விட்டுப் போகிறீர்கள் என்று கேட்டு, கட்டணம் அதிகம், சேவை சரியில்லை என்று வரிசையாகக் காரணங்களை நீட்டியது. கடைசியில் இருந்த 'மற்றவை'யைத் தொட்டேன். விளக்கம் எழுதக் கட்டம் திறந்தது. ஒன்றும் எழுதாமல் அனுப்பினேன். ஏற்றுக்கொண்டது.