எதிரே நிற்கிற மூஞ்சி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து உதறி, நடந்து வந்து, ஒருத்தி கையில் இருப்பதை இன்னொருத்தி வாங்க வேண்டும். மூஞ்சியைப் பார்க்காமல் இந்த வேலையைச் செய்ய முடியாது. அங்கேதான் வந்தது வினை.

நெட்டையும் குட்டையும் பல வருட ஜோடி. உயரத்தைப் பார்த்து மற்றவர்கள் வைத்த பெயர்கள். நெட்டை "ம்" என்றால் குட்டை உதறுவாள். சிரிப்பும் வம்புமாக, மலை போல் கிடக்கும் துணி மத்தியானத்துக்குள் காலியாகிவிடும்.

ஒருநாள் பிரசவ வார்டுக்குப் போன கட்டுக்குள் கறை படிந்த விரிப்பு ஒன்று இருந்தது. "யார் மடிச்சது?" என்று சூப்பர்வைசர் கத்தினார். இரண்டு பேரும்தான், தனியாளாக எப்படி மடிப்பது? ஆனால் குட்டை தலையைக் குனிந்துகொண்டாள். நெட்டை மட்டும் முன்னால் போய் நின்றாள், மெமோவும் அவளுக்கு மட்டும் வந்தது. மெமோ கிடக்கட்டும் கழுதை. கூட நின்றவள் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டாளே, அதுதான் ஆறவில்லை.

அன்றோடு பேச்சு நின்றது. வேலை நிற்குமா? வெடுக்கென்று நீட்டி, வெடுக்கென்று பிடுங்கி, முனை கோணி, மடித்ததையே மறுபடி மடித்தார்கள். நெட்டைக்குத் தூக்கம் போனது. சாப்பிட உட்கார்ந்தால் நெஞ்செரிச்சல். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே முகம் இருண்டுவிடும். கதவு சத்தம் போட்டதற்கெல்லாம் வீட்டுக்காரர் மேல் எரிந்து விழுந்தாள்.

"வேலை ரொம்ப கஷ்டமா இருக்கா?" என்று அவர் பயந்து பயந்து கேட்டார்.

"துணி என்னங்க பண்ணும்? எதிர்ல நிக்கிற மூஞ்சிதான் ஆளைத் தின்னுது."

ஜோடியை மாற்றச் சொல்லி சூப்பர்வைசரை நச்சரித்தாள். இந்த மாதத்துக்குள் மாற்றாவிட்டால் வேலையை விட்டுவிடுவதாகவும் சொல்லிவிட்டாள். வேறு வேலை தெரியாது, இந்த வேலை பிடிக்கவும் பிடிக்கும். இருந்தும் சொன்னாள், பாவம், அவ்வளவு நொந்துபோயிருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் கூப்பிட்டார். "சந்தோஷமாம்மா? திங்கக்கிழமையிலிருந்து அவங்க அழுக்குத் துணி ரூமுக்குப் போறாங்க. அவங்களே கேட்டாங்க."

அந்த அறையை யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள். ரத்தமும் சீழும் மூத்திரமுமாக வருவதை மூக்கைக் கட்டிக்கொண்டு பிரிக்கிற இடம். நெட்டை நேராக மேசைக்குப் போய் விரிப்பின் முனையைக் குட்டையிடம் நீட்டினாள்.

"எதுக்கு அந்த ரூமைக் கேட்ட?"

குட்டை முனையை வாங்கினாள். "நீங்க சாப்பிட முடியாம நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. பாக்க முடியலக்கா. நீங்க ஏன் வேலைய விடணும்?"

"அன்னிக்கு ஏன் வாயத் திறக்கல?"

"பயம்கா. நான் இத்தனை வருஷமாகியும் தற்காலிகம்தானே. உங்களுக்குன்னா மெமோவோட போயிடும், என்னைய வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. மறுநாளே சொல்லலாம்னு வந்தேன். நீங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க."

நெட்டைக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. விரிப்பை அப்படியே போட்டுவிட்டுச் சூப்பர்வைசரிடம் திரும்பிப் போனாள்.

"சார், அவ எங்கயும் போக வேண்டாம்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "என்னம்மா, விளையாடறீங்களா? பிரிச்சு விடுங்கன்னு என் உயிரை எடுத்தது நீங்கதானே? இப்ப கோபம் தீந்துபோச்சா?"

"எங்க தீந்துச்சு? இன்னிக்குத்தான் சார் அவகூட சண்டையே ஆரம்பிச்சிருக்கேன். நடுவுல ஆளைக் கூட்டிட்டுப் போனா எப்படி?"