தூக்கிய கை

அந்தத் திறப்பு விழாவை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் தலைவர்களின் சிலை செய்பவன். முகத்தை மட்டும் புதிதாகச் செய்வேன்; உடம்புக்கு எல்லோருக்கும் ஒரே அச்சுதான், வலது கையை உயர்த்தியபடி. காஞ்சிபுரத்தில் இறந்துபோன நெசவாளர் சங்கத் தலைவருக்கும் அதிலேயே வார்த்தேன்.

"உயிரோட நிக்கிறாரு!" என்று ஆளாளுக்குப் பாராட்டினார்கள். கழுத்தில் சால்வையோடு இளித்துக்கொண்டு நின்றேன். சிலையை அண்ணாந்து பார்த்த அவர் மனைவி என்னிடம் வந்தார்.

"முகம் அவரேதான்பா. ஆனா போராட்டத்துல அடி வாங்குனதிலேர்ந்து அந்தக் கை தோளுக்கு மேல வராது. கடைசி வரைக்கும் நான்தான் சட்டை மாட்டிவுட்டுக்கினு இருந்தேன். உங்கிட்ட யாரும் சொல்லலியா?"

யாரும் சொல்லவில்லைதான். நான் யாரையும் கேட்கவே இல்லை.

சால்வை உடம்பெல்லாம் அரித்தது. பட்டறைக்குப் போனதும் அந்த அச்சை உடைத்துப்போட்டேன். சிலையின் கை மட்டும் இன்னும் இறங்கவில்லை.