தைலம் தேய்த்த கை

நோர்வூட் பக்கத்தில் சோலைமலையை வெடிக்காரர் என்றுதான் சொல்வார்கள். ரோட்டுக்குக் கல் உடைக்கிற குவாரி, தேயிலைத் தோட்டத்து எல்லையில் இருந்தது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வெடி. டைனமைட்டுக் குச்சியைப் பாறைத் துளைக்குள் விரலால் பக்குவமாகத் தள்ளித் திரி வைப்பார். ஆறு வருசத்தில் ஒரு ஆளுக்கும் கீறல் விழவில்லை.

வீட்டில்தான் நிம்மதி இல்லை. பெண்சாதி பேச்சியம்மாவுக்குத் தலைவலி. கொழுந்துக்கூடைக் கயிறு தலையை இழுத்துச் சாயங்காலம் லேசாகக் கனக்கும். அது எல்லாப் பொம்பளைகளுக்கும் உள்ளதுதான். சோலைமலை பக்கத்தில் உட்கார்ந்து தைலம் தேய்த்துவிடுவார். அதற்குப் பிறகுதான் மண்டைக்குள் உலக்கை விழும். டிக்கோயா ஆஸ்பத்திரி பார்த்தாயிற்று, மாரியம்மனுக்கு நேர்ந்தாயிற்று. உடப்புசல்லாவையில் அம்மா வீட்டில் ஒரு மாதம் இருந்தாள். ஒரு நாளும் வலிக்கவில்லை. திரும்பி வந்தாள், பழைய குருடி கதவைத் திறடி.

வெடி வைக்கிற நாளில்தான் வலி மோசம் என்பதை அவளே கண்டுபிடித்தாள். வீட்டுக்குக் குடிதண்ணீர், குவாரிக்குக் கீழே இருக்கிற பீலிக் குழாயிலிருந்துதான். "குவாரி மருந்து பீலித்தண்ணியில கலக்குதுங்க. பொங்கல் வரைக்கும் பாப்பேன். அப்புறம் அம்மா வீட்டோடயே போயிருவேன்."

அவள் இல்லாத அந்த ஒரு மாதம் சோறு தொண்டையில் இறங்காமல் கிடந்தது சோலைமலைக்கு மட்டும்தான் தெரியும்.

எண்பத்திரண்டில் தோட்டப் பள்ளிக்கூடத்து யேசுரட்ணம் மாஸ்டரின் மகள் பெற்றீசியா லீவில் வந்தாள். கொழும்பில் ஒரு ஆய்வுகூடத்தில் வேலை. தண்ணீரில் வெடிமருந்து துளி கலந்திருந்தாலும் காட்டிக்கொடுக்கிற மெஷின் அங்கே வந்திருந்தது. லிக்விட் குரோமட்டோகிராபி என்று வாய்க்குள் அடங்காத பெயர். பெக்டரிச் சல்லடை தேயிலையைத் தரம் பிரிக்கிற மாதிரிதான். பொடி அடைத்த மெல்லிய குழாய்க்குள் தண்ணீரைத் தள்ளினால், கலந்திருப்பது ஒவ்வொன்றும் தனித்தனி நேரத்தில் வெளியே வரும். வரும்போது பேனா கடதாசியில் ஒரு மேடு கீறும்.

அவள் இரண்டு பழுப்புப் போத்தல் கொடுத்தாள். "ஒன்னுல பீலித்தண்ணி புடிங்க மாமா. மத்ததுல குவாரிக்கு மேல இருக்கிற ஊத்துத்தண்ணி. மேல இல்லாம கீழ மட்டும் இருந்தா, குவாரிதான் காரணம்."

இதைப் போய் அடுத்தவரை நம்பி விடுவாரா? வேலை முடிந்த கையோடு தானே போனார். விரலை விட்டு அலசி, தண்ணீர் பிடித்து, போத்தல் வாயைப் பெருவிரலால் துடைத்து மூடினார்.

கடிதம் வந்தது. டைனமைட்டு மருந்து இருக்கிறது என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தாள். "நான் சொன்னேன்ல?" என்றாள் பேச்சியம்மா. அடுத்த வரி வேறு மாதிரி இருந்தது. இரண்டு போத்தலிலும் ஒரே அளவு. குவாரிக்கு மேலே மருந்து ஏறிப் போகுமா, தண்ணீர் பிடித்தது யார் என்று கேட்டிருந்தாள்.

அடுத்த லீவில் பெற்றீசியா தானே தண்ணீர் பிடித்தாள். குவாரியிலிருந்து வந்த சோலைமலையின் கையைக் கொஞ்சம் சுத்தத் தண்ணீரில் கழுவச் சொல்லி, அதையும் மூன்றாவது போத்தலில் எடுத்துக்கொண்டாள்.

இரண்டாவது கடிதத்தைச் சோலைமலை குவாரியில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து எழுத்துக்கூட்டி வாசித்தார். பீலியும் ஊற்றும் சுத்தம். கை கழுவிய தண்ணீருக்கு மேடு கடதாசியின் உச்சி வரைக்கும் போயிருந்தது. 'அந்த மருந்து தோலுக்குள்ள இறங்கும் மாமா. அடிக்கடி புழங்குறவங்களுக்குப் பழகிப்போகும். மத்தவங்களுக்கு மண்டையைப் பொளக்கும். வீட்டுல எதைத் தொடுறீங்கன்னு பாருங்க.'

வேலைக்குச் சேர்ந்த புதிதில் தனக்கும் அப்படி வலித்தது அவருக்கு ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போகும் வரை கையைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

பேச்சியம்மா கூடையை இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "தலை கனக்குதுங்க. கொஞ்சம் தேச்சு விடுங்க."

சோலைமலை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "வேணாம் பேச்சி. தண்ணியில ஒன்னுமில்ல. என் கையிலதான் இருக்கு. ஆறு வருசமா நான்தான் உனக்குத் தேச்சுவிட்டிருக்கேன்."

அவள் தைலப் போத்தலைத் தானே எடுத்துத் திறந்தாள்.

"அப்ப நான் அம்மா வீட்டுக்குப் போக வேணாம்" என்றாள்.

சோலைமலைக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியவர், அப்படியே கீழே போட்டார்.