பட்டுவின் தோல்

தொட்டால் உரியும் தோலோடு பிறந்ததால் தம்பிக்கு வீட்டில் பட்டு என்று பெயர். சட்டைத் தையல் உரசினாலே கொப்புளம் கிளம்பும். வயிற்றில் பிள்ளை இருந்தபோது அம்மா கண்டதையும் தின்றதுதான் காரணம் என்று அப்பாவின் அக்காவான அத்தை சொல்லிவைத்தாள். அப்பா மறுக்கவில்லை. அந்த மௌனத்தோடுதான் அம்மா இத்தனை வருடமும் குடும்பம் நடத்தினாள்.

அக்கா தோல் நோய் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தது அவனுக்காகத்தான். துளித் தோலை எடுத்துத் தட்டில் வளர்ப்பாள். வளர்ந்த செல்களை உடைத்து இயந்திரத்துக்குக் கொடுப்பாள். அதில் எந்தெந்தப் புரதம் இருக்கிறது, எது குறைகிறது என்று அது பட்டியல் போடும். பட்டுவின் தோலோடு அம்மா, அப்பாவின் தோலும் அங்கே போயின.

முடிவு வந்தபோது பட்டுவின் வலது கையில் ஆறாத புண் புற்றாக மாறியிருந்தது.

அன்று சாயங்காலம் அக்கா அடுக்களையில் வைத்துச் சொன்னாள். "மேல்தோலையும் உள்தோலையும் சேர்த்துப் பிடிக்கிற புரதம் ஒண்ணு இருக்கும்மா. அவனுக்கு அது சுத்தமா இல்ல."

"அப்ப மருந்து?"

"இல்லம்மா. எது இல்லைன்னு மட்டும்தான் தெரிஞ்சிருக்கு."

அம்மா கேட்க நினைத்தது வேறு. "என்னாலதானா?"

"உங்க ரெண்டு பேருக்குமே அது பாதிதான் இருக்கு. ரெண்டு பக்கக் குறையும் அவன்கிட்ட வந்து சேர்ந்திடுச்சு. நீ தின்னதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அம்மா அடுப்பை அணைத்தாள். கூடத்தைப் பார்த்து, "கேட்டுச்சா உங்களுக்கு?" என்றாள். அப்பா செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினார். "உங்க அக்காவும் போய்ச் சேர்ந்துட்டா. இனி நான் யார்கிட்ட போய்ச் சொல்ல?"

மறுநாள் கட்டு மாற்றும் நேரத்துக்கு அப்பா தானாக வந்து நின்றார். அதுவரை அந்தப் பக்கமே எட்டிப்பார்க்காத மனிதர். வெந்நீரில் நனைத்துத் துணியைப் பிரிக்க அம்மா காட்டிக்கொடுத்தாள். அவர் முனையைப் பிடித்து இழுத்தார். ஓரிடத்தில் துணியோடு தோலும் வந்துவிட்டது.

பட்டு பல்லைக் கடித்துக்கொண்டான். "பரவாயில்லப்பா. பார்சல் பிரிக்கிற மாதிரி இழுக்காம இருந்தா போதும்."

அப்பா வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார். மீதிக் கட்டையும் அவரே பிரித்தார். அதன்பிறகு தினமும் அவர்தான்.

மருத்துவமனையில் கையை எடுத்தார்கள். எடுத்தும் புற்று நுரையீரலுக்குப் பரவிவிட்டது. மழைக்காலம் முடியும் முன்பே பட்டு போய்விட்டான். உடலைத் தூக்க வந்தவர்களை அப்பா தடுத்தார். "அக்குள்ல கை கொடுக்காதீங்க. உரிஞ்சிடும்." பிறகு தானே குனிந்து, விரிப்போடு சேர்த்து மகனைத் தூக்கினார்.

அக்கா மறுவாரம் வேலைக்குத் திரும்பினாள். அப்பாவை மன்னித்துவிட்டாயா என்று அம்மாவிடம் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.