கொசுறும் சட்டக் கல்லூரியும்

பி.ஏ. படிக்கும்போதே அச்சில் ஒரு கட்டுரை வந்துவிட்டால் சட்டக் கல்லூரியில் மாலை போட்டுக் கூப்பிடுவார்கள் என்று நம்பிய மடையர்களில் நான் முதல் வரிசை. இந்த ஞானத்தை அருளியவர் எங்கள் பொருளாதாரப் பேராசிரியர். கல்லூரி ஆய்விதழை நடத்துகிறவரும் அவர்தான். பக்கம் நிரப்ப ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறவர் என்பது எனக்கு உறைக்கவில்லை. "மார்க் எவன் வேணா வாங்குவான். அச்சுல பேர் வருமா?" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

சட்டம் கிடைக்காவிட்டால் ராயபுரத்தில் அப்பாவின் பருப்பு மண்டி. திருநெல்வேலியிலிருந்து வந்து கடை வைத்த அப்பா, "வக்கீலானா சரி, இல்லேன்னா தராசுகிட்ட வந்து உக்காருலே" என்று முன்பே தீர்ப்புச் சொல்லியிருந்தார். மூட்டைத் தூசி எனக்கு ஆகாது, தும்மித் தள்ளுவேன். கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு தும்மாமல் வாழவேண்டும் என்பதுதான் என் லட்சியம். நீதி, தர்மம் எல்லாம் கட்டுரைக்கு.

"ஒப்பந்தச் சட்டத்தில் கொசுறின் இடம்" என்று தலைப்பு வைத்தேன். பருப்பு வாங்குகிறவர் கேட்கும் நாலு மிளகாய், மீன் வாங்குகிறவர் கூடையிலிருந்து தாமே அள்ளிக்கொள்ளும் ரெண்டு நெத்திலி. இந்தக் கொசுறு உரிமையா, சலுகையா? பரீட்சைக்குப் படிக்கவேண்டிய மாதங்களை இதில் கரைத்தேன். அடிக்குறிப்புகளை இன்னொருவரின் அடிக்குறிப்புகளிலிருந்து எடுத்தேன். மூல நூல்களை நான் பார்த்ததில்லை, அவரும் பார்த்திருக்கமாட்டார்.

யானைக்கவுனியில் ஓர் அச்சகத்தில் இதழ் அச்சாயிற்று. வரிக்கு வரி கொசுறு வந்ததில் அச்சுக்கோப்பவரின் பெட்டியில் 'று' தீர்ந்துபோயிருக்கிறது. அவர் வேலையை நிறுத்தவில்லை. மீதி இடங்களிலெல்லாம் 'கொசு' என்றே கோத்துவிட்டார். அதுவும் ஒரு சொல்தானே. ராயபுரத்தில் அதற்குப் பஞ்சமுமில்லை. "கொசு, வாங்குபவரின் பிறப்புரிமை. அதைத் தராமல் விடுவது நம்பிக்கைத் துரோகம்" என்று என் பெயரில் முழக்கம் வெளியாயிற்று. பேராசிரியர் கட்டுரையின் ஆழத்தைப் பாராட்டினார். சக மாணவர்கள் கைகுலுக்கினார்கள். ஒருவரும் படிக்கவில்லை.

படித்தவன் என் வகுப்புத் தோழன் ஒருவன்தான். நெட்டுக்குப்பத்து மீனவர் வீட்டுப் பிள்ளை.

"இன்னா மாமு, கொசுவுக்கு வக்காலத்து வாங்கிக்கினு கீற? எங்க குப்பத்துல நெறைய கீது. கேசு அனுப்பட்டா?"

அவன் எதுவும் எழுதவில்லை. பாடத்தைப் படித்தான், அவ்வளவுதான். அவனுக்கு இரண்டாம் வகுப்பு, எனக்கு மூன்றாம் வகுப்பு.

சட்டக் கல்லூரி அலுவலகத்தில் குமாஸ்தா என் மார்க்கைப் பார்த்து விண்ணப்பத்தைத் திருப்பித் தந்தார். நான் ஆய்விதழை நீட்டினேன். புரட்டினார்.

"இது எதுக்கு தம்பி?"

"ஆய்வுக் கட்டுரை சார்."

"சரி. மார்க் எங்க?"

கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் உண்மையிலேயே கேட்டார். கட்டுரை கொசுறு, சரக்கு இல்லாமல் கொசுறை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றவன் நான். மண்டிக்காரன் மகனுக்கு இது தெரியவில்லை என்றால் அப்புறம் என்ன பி.ஏ.?

தோழன் சட்டக் கல்லூரிக்குப் போனான். நான் தராசடியில் உட்கார்ந்து தும்மினேன். ஒருநாள் துவரம்பருப்பு வாங்கப் பேராசிரியர் வந்தார். அடுத்த இதழுக்கு இன்னொரு கட்டுரை கொடுத்தால் வரும் வருஷம் சீட்டு நிச்சயம் என்றார். கட்டுரை எழுதிச் சட்டக் கல்லூரிக்குள் போன ஒரே ஓர் ஆளையாவது தெரியுமா என்று கேட்டேன். அவர் பருப்பை ஒரு கை அள்ளிப் பார்த்தார்.

"நானே ரெண்டு தடவை மனு போட்டேன். அப்பவே எட்டு கட்டுரை வந்திருந்தது."

"கெடச்சுதா சார்?"

"எனக்குக் கெடைக்கலேங்கறதால உனக்கும் கெடைக்காதுன்னு எப்படிப்பா சொல்லமுடியும்?"

பருப்பைக் கட்டிக் கொடுத்தேன். அடுத்த இதழ் எப்போது வரும் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்பா பார்த்துக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை.