ஓலெட்டும் ஓல்டும்

டிவி விற்க வரும் பிள்ளைகளுக்கு முதல் பாடம்: ஓ.எல்.இ.டி. என்பதை எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள். சோம்பல்பட்டு "ஓலெட்" என்றால் நம் ஊர்க் காதில் வேறாக விழும்.

வேங்கிக்கால் துரை சார் காதில் அப்படித்தான் விழுந்தது. பஸ் டிரைவராக இருந்து ரிட்டையர் ஆனவர். கார்த்திகை தீபத்துக்குச் சில நாள் முன்பு மனைவி செல்வியக்காவோடு எங்கள் ஷோரூமுக்கு வந்தார்.

"பெரிய டிவியா, நல்லதா காட்டும்மா."

"ஓலெட் பாருங்க சார்."

"ஓல்டா? பழச என் தலையில கட்டப் பாக்குறியா?"

விளக்கி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டது. செல்வியக்கா குறுக்கே வந்தார்.

"எதிர்ல மூணு மாடி கட்டிட்டாங்கம்மா. மலை மறைஞ்சிடுச்சி. மலையில தீபம் ஏத்துனத பாத்துட்டுத்தான் நான் வீட்ல அகல் ஏத்துவேன், விரதம் முடிப்பேன். இந்த வருஷம் டிவிதான் எனக்கு மலை."

மலைக்குப் பதிலாக ஒரு டிவியை விற்பது சின்னப் பொறுப்பா? பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டிவியில் பழைய தீப வீடியோவை ஓட்டினேன். கியூ.எல்.இ.டி.யில் திரைக்குப் பின்னால் லைட் எரியும். வெயில் அடிக்கும் ஹாலுக்கு அதுதான் சரி, பளிச்சென்று தெரியும். ஆனால் இருட்டு கொஞ்சம் வெளுக்கும். ஓ.எல்.இ.டி.யில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். கருப்பு என்றால் கருப்புதான். ஒரு டிவியில் வானம் கழுவின ஸ்லேட் மாதிரி இருந்தது. இன்னொன்றில் ஜோதி மட்டும் நின்றது. செல்வியக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இதான் வேணும்."

"ஓல்டு இல்லன்னு பில்லுல எழுதிக் குடு" என்றார் துரை சார்.

தீபத்தன்று சாயங்காலம் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். செல்வியக்காவின் ஃபோன்.

"மஞ்சு! ஊரே அரோகரான்னு கத்துது, வெடி வெடிக்கிறாங்க. உன் டிவில அர்த்தநாரீஸ்வரர் இன்னும் வெளியவே வரல!"

பின்னால் துரை சார் குரல்: "நான் அப்பவே சொன்னேன், அது ஓல்டுன்னு!"

கோயிலில் அர்த்தநாரீஸ்வரர் வெளியே வரும் நேரத்தில்தான் மலையில் தீபம் ஏற்றுவார்கள். டிவி மேல் குற்றமில்லை. நெட் வழியாக வரும் லைவ் எப்போதுமே நிஜத்துக்குக் கொஞ்சம் பின்னால்தான் வரும். எங்கள் கடைச் சுவரிலேயே கேபிள் டிவியில் தீபம் எரிந்தது, நெட் டிவியில் சுவாமி வரவில்லை, மூன்றாவதில் சோப்பு விளம்பரம். கருப்பு நிறத்தைப் பற்றி அவ்வளவு பேசிய நான் இதைச் சொல்லவில்லை.

"காலைலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்கல. இப்ப ஏத்தலாமா, டிவில வர்ற வரைக்கும் நிக்கணுமா? யாராவது சும்மா வெடி போட்டிருந்தா?" அக்காவின் குரல் உடைந்தது.

ஃபோனோடு வாசலுக்கு ஓடினேன். கடைகளுக்கு மேலே மலை உச்சியில் தீபம்.

"எரியுதுக்கா! என் கண்ணால பாக்குறேன். ஏத்துங்க!"

தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "இங்க இப்பதான் சாமி வர்றாரு" என்று அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஆகவே, ஜன்னல் எந்தப் பக்கம், பார்ப்பது பகலிலா இரவிலா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எதற்காகப் பார்க்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

இப்போதெல்லாம் தீபத்தன்று செல்வியக்கா டிவி பக்கமே திரும்புவதில்லை. எனக்கு ஃபோன் போட்டுவிட்டுத் தீப்பெட்டியோடு காத்திருக்கிறார், நான் கடை வாசலில் நிற்கிறேன். துரை சார் கிரிக்கெட் பார்க்கிறார்.